வெந்நீர்க்காரர்

என் கணவர் வில்மர் இருரேட்டா
வெந்நீர் விற்கப் போவதாகச் சொன்ன அன்று
நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
வழிந்த கண்ணீர் எதற்கென்று
அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் எல்லோர் கக்கத்திலும் ஒரு ஃபிளாஸ்க்.
பேருந்தில், பிரசவ அறை வாசலில்,
மழையில் நின்றுபோன ஆட்டத்தின் மைதானத்தில்
மாத்தே இலைக்கு நீர் ஊற்றி ஊற்றி
உறிஞ்சிக்கொண்டே இருக்கிற சனம்.
தீர்ந்துபோனால் எங்கே போவார்கள், சுல்மா?
பெட்ரோல் பங்குக்கு, என்றேன்.
ஆற்றங்கரையிலிருந்து எவ்வளவு தூரம்?
பன்னிரண்டு தெரு.
பார்த்தாயா, என்றார்
ஏதோ நான் ஒப்புக்கொண்டுவிட்டது போல.

முப்பத்துமூன்று வருடம் மின்வாரியம்.
மீட்டர் பார்த்தவர்.
கட்டணம் கட்டாத வீட்டில்
இடுக்கியை வெளியே எடுத்தவர்.
சால்ட்டோ நாய்களுக்கெல்லாம்
அவர் கெண்டைக்கால் அத்துப்படி.
கதவைத் திறந்த எந்த முகமும்
அவரைப் பார்த்து மலர்ந்ததில்லை.
இதை அவர் சொன்னதில்லை.
ஓய்வு பெற்றபின்
அழைப்புமணி அடித்தால் முதலில் எழுந்து ஓடுவாரே,
அதில் தெரிந்துகொண்டேன்.

ஓய்வூதியத்தில் பிடித்துக்கொள்ளும் கடனுக்கு
ஒரு தள்ளுவண்டி, இரண்டு சிலிண்டர், நான்கு கெண்டி.
நகராட்சியில் உரிமம் கேட்டால்
என்ன வியாபாரம் என்றாள் அந்தப் பெண்.
வெந்நீர்.
வெந்நீரும்...?
வெந்நீர்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
‘பானங்கள், இதர’ என்று எழுதி
முத்திரையை வேண்டுமென்றே கோணலாகக் குத்தினாள்.

கொதித்தால் இலை வெந்து பாழ்.
எண்பதுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.
வாழ்க்கையில் எதற்கும் கொதித்திராத மனிதர்
வெப்பமானியைக் குனிந்து
மீட்டர் பார்ப்பதுபோலவே பார்த்தார்.
வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவள்போல
வீட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் ஓடியது நான்தான்.

முதல் நாள் தெற்குக் காற்று,
அடுப்பு நிற்கவே இல்லை.
விற்றது மூன்று ஃபிளாஸ்க்.
அதில் ஒன்று என்னுடையது.
காசு வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் வந்தாள்
சிவப்பு மழைக்கோட்டுக்காரி.
ஃபிளாஸ்கை நீட்டியவள் நீட்டியபடி நின்றாள்.
என் மகள் பிறந்த ஜூலையில்,
அந்தக் குளிரில்,
எங்கள் வீட்டு வயரை வெட்டியவன் நீதானே?

இல்லை என்று சொல்லத் தெரியாது அவருக்கு.
செர்ரோ தெரு, பச்சைக் கேட், என்றார்.
மீட்டர் எண்ணையும் சொல்லியிருப்பார்,
நான் முறைத்தேன்.

கெண்டி சீறிக்கொண்டிருந்தது.
அவள் ஆற்றைப் பார்த்தாள்,
சாலையைப் பார்த்தாள்.
பங்குக்குப் பன்னிரண்டு தெரு.
ஊற்று, என்றாள்.

ஊற்றிவிட்டுக் காசு வேண்டாம் என்றார்.
அங்கேதான் அவளுக்குக் கோபம் வந்தது.
அன்றைக்கு நீ ஒரு பைசா விட்டாயா?
எண்ணி வைத்தாள். மீதிச் சில்லறையையும்
எண்ணி வாங்கினாள்.
நாலடி போய், ஒரு வாய் உறிஞ்சி,
திரும்பி வந்தாள்.
சூடு பத்தாது. இன்னும் இரண்டு டிகிரி.

மாதக் கடைசியில் கணக்கு.
எரிவாயு போக, கடன் தவணை போக,
சிலிண்டர் தூக்கிவந்த பையனுக்குக் கொடுத்தது போக
அறுநூற்று நாற்பது பேசோ.
இரண்டு ஜோடி காலுறை வரலாம்.
லாபம், என்றார் வில்மர்,
அந்தச் சொல்லை அதற்குமுன்
அவர் வாயில் கேட்டதில்லை.

அவர் தூங்கியபின் நோட்டைத் திறந்தேன்.
வாரியத்தில் எழுதிய அதே கையெழுத்து,
அதே நேர்கோட்டு எண்கள்:
சிவப்புக் கோட்டு, 82.
படகுத்துறைக் காவலாளி, 78.
முடி கொட்டிய வக்கீல், 80, பேச்சு வேண்டாம்.
சுல்மா, 79.

என்னை அவர் கேட்டதே இல்லை.

எழுபத்தெட்டரைதான்.
திருத்தாமல் மூடி வைத்தேன்.